98 பேர் விலையில் ஒரு குட்டி மடிக்கணினி

தேயிலைத் தோட்டத்தில் ‘ஒரு பேர்’ என்றால் ஒரு நாள் கூலி. எங்கள் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து நிறுத்துக் கொடுத்தால் முழுப் பேர், எடை குறைந்தால் அரைப் பேர். 2023 மார்ச்சில் அம்மாவின் ஒரு பேர் 1,000 ரூபா. நான் வாங்கிய மடிக்கணினி 98,500 ரூபா. அதாவது 98 பேரும் ஓர் அரைப் பேரும். வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு வருடம் கழித்து, செத்துப்போன கணினியை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பிலிருந்து ஹட்டனுக்குத் திரும்பியபோது, கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி வராமலிருக்க எதையாவது நினைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் போட்டேன். யாராவது முன்பே இரண்டு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் சொல்வார்கள்? எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) மடிக்கணினி வாங்கிய முதல் ஆளே நான்தான்.

கல்விக் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்துவிட்டு, மூன்றாம் வருடப் பயிற்சிக்கு ஒரு தோட்டப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டிருந்தேன். பாடக்குறிப்பு, வினாத்தாள், எல்லாவற்றுக்கும் மேலாகச் செயல்நிலை ஆய்வு அறிக்கை என்று அடித்துத் தள்ள வேண்டியவை நிறைய. பெரிய வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர் ஏற்றம். அப்பியாசக் கொப்பிகளோடு இரண்டேகால் கிலோ மடிக்கணினியையும் சுமந்து ஏற முடியாது. அதோடு 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டதை மறந்துவிடவில்லை. மின்வெட்டு அட்டவணை போன பிறகும், ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அடித்தால் எங்கேயாவது ஒரு மரம் கம்பியில் விழும், அன்றைக்கு இருட்டுத்தான். ஆகவே பாரம் குறைய வேண்டும், பேட்டரி நீண்ட நேரம் நிற்க வேண்டும் என்று இரண்டு ஆசைகள் வைத்திருந்தேன். இரண்டும் நியாயமானவை. யாரிடமும் சொல்லாத மூன்றாவது ஆசை, அது அழகாக இருக்க வேண்டும் என்பது. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

அம்மாவின் சீட்டு விழுந்த பணத்தோடு, மார்ச் 4, சனிக்கிழமை தனியாகக் கொழும்புக்குப் போனேன். கடையில் வரிசையாகக் கறுப்பும் சாம்பலுமாகப் பெட்டிகள். நடுவில் இது, செம்பும் ரோஜாவும் கலந்த நிறத்தில், 11.6 அங்குலத் திரையோடு, விளிம்பில் ஒரு பளபளப்புக் கோடு ஓட. கடைக்காரர் ஒரே விரலால் மூடியைத் தூக்கிக் காட்டினார். நிறை ஒரு கிலோவும் கொஞ்சமும். “நங்கி (தங்கச்சி), இதை ஹேண்ட்பேக்கிலேயே போட்டுக்கொண்டு போகலாம்” என்றார். மீதியெல்லாம் வேகமான சிங்களம். பாதி விளங்கியது, மீதிப் பாதிக்கும் தலையாட்டினேன். ரேம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபி, இன்டெல் செலரான் என்4020 என்று அட்டையில் எழுதியிருந்தது. கைத்தொலைபேசியில் 64 ஜிபி போதுமாக இருக்கிறதே, கணினிக்கும் போதாதா என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். ஒரு சேலை எடுப்பதற்கு இதைவிட நேரம் செலவழித்திருப்பேன். வீட்டில் அம்மா ஈரக் கையைத் துடைத்துவிட்டு அதைத் தூக்கிப் பார்த்து, “சிலேட்டை விடக் கொஞ்சம்தான் பாரம்” என்றார்.

குறை சொல்லும் முன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குட்டிக் கணினியிடம் எனக்கு இன்றைக்கும் ஓரவஞ்சனை உண்டு. அதற்குள் மின்விசிறி கிடையாது. அந்தச் செயலி ஆறு வாட் அளவு வெப்பத்துக்கு வடிவமைக்கப்பட்டது, விசிறி தேவைப்படாது. கடையில் இதை யாரும் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. எங்கள் லயத்தில் அறைகளுக்கிடையே உள்ள சுவர் கூரை வரை எழும்பாது. பக்கத்துக் காம்பராவில் ஒருவர் புரண்டு படுத்தாலும் கேட்கும். தோழியிடம் இரவல் வாங்கிய பழைய மடிக்கணினியை இரவில் திறந்தால் விசிறி ‘உர்’ரென்று எழும்ப, தம்பி விழித்துக்கொள்வான், அடுத்த காம்பராக் கைக்குழந்தையும் சேர்ந்துகொள்ளும். இது மூச்சு விடாது. அம்மா காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போக நாலரைக்கு எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன், அவர் தூக்கம் கலைந்ததில்லை. பேட்டரி, திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் ஏழு மணி நேரம் நின்றது. பாடசாலைக்கு சார்ஜரை எடுத்துப் போனதே இல்லை. எழுதவும் வாசிக்கவும் மட்டும் ஒரு கருவி என்றால் இவ்வளவு வசதி போதும் என்று நினைக்கிறவர்களுக்கு அந்த நினைப்பு பிழையில்லை.

சிக்கல் முதலில் விரல் நுனியில்தான் தட்டியது. அடக்கமான உடம்புக்குள் எண்டர் சாவியைப் பெரிதாக வைப்பதற்காக அதன் இடப்பக்கம் இருக்கும் நாலைந்து சாவிகளை ஒடுக்கிவிட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் அவை அரைப்புள்ளி, மேற்கோள், அடைப்புக்குறி என்று எப்போதாவது தொடுகிற சாவிகள். எங்கள் பக்கம் எல்லோரும் பழகியிருப்பது பாமினி என்ற தமிழ்த் தட்டச்சு முறை. பாமினியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அந்த அரைப்புள்ளிச் சாவியில்தான். தமிழில் புள்ளியில்லாமல் எத்தனை சொல் எழுதிவிட முடியும்? சுண்டுவிரல் ஒவ்வொரு முறையும் பக்கத்துச் சாவியில் விழுந்தது, அல்லது எங்கேயும் விழாமல் நழுவியது. முதல் பாடக்குறிப்பை அச்செடுத்துப் பார்த்தால் ‘கறறல பேறு’ என்று தலைப்பு. அதிபர் சிவப்புப் பேனையால் இரண்டு புள்ளி வைத்துத் திருப்பித் தந்தார். தமிழ்99 என்ற இன்னொரு தட்டச்சு முறையைப் பழகியவர்களும் தப்ப முடியாது, அவர்களுக்கு ச, ஞ, ந, ய எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே சின்னக் கணினி வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்றபடியே, வெட்கப்படாமல், பத்து வரித் தமிழை அடித்துப் பாருங்கள். காட்சிக்கு வைத்த இயந்திரத்தில் தமிழ் இல்லாவிட்டால், வலது சுண்டுவிரலால் அந்தச் சாவியை மட்டும் திரையைப் பார்த்தபடி இருபது தடவை தட்டுங்கள். எத்தனை தடவை பிழைக்கிறது என்று எண்ணினாலே போதும்.

இரண்டாவது, எஸ் மோட் என்ற விண்டோஸின் கட்டுப்பாட்டு முறை. பாமினி விசையில் யுனிகோடு அடிக்க உதவும் ஒரு சிறு மென்பொருளை நிறுவப் போனேன். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளதைத் தவிர வேறெதையும் ஏற்க முடியாது என்று கணினி மறுத்துவிட்டது. நான் ஏதோ களவு செய்தவளைப் போல மூடி வைத்துவிட்டு இரண்டு வாரம் தயங்கினேன். உண்மையில் விண்டோஸ் அமைப்புகளுக்குள் போய் அந்த முறையிலிருந்து இலவசமாகவே வெளியேறலாம். வெளியேறினால் திரும்பிப் போக முடியாது, அவ்வளவுதான். இணைய இணைப்பு இருந்தால் சில நிமிட வேலை. இதை அறியாமல் காசு கொடுத்துச் செய்வித்தவர்களையும் பிறகு சந்தித்தேன்.

மூன்றாவதுதான் பெரியது, இடநெருக்கடி. 64 ஜிபி என்பது விண்டோஸ் கணக்கில் 60க்கும் குறைவாகத்தான் தெரியும். அதில் விண்டோஸே ஏறத்தாழ பாதியைப் பிடித்துக்கொள்கிறது, தன் புதுப்பிப்புகளுக்காகவும் சில ஜிபியை ஒதுக்கிவைத்துக்கொள்கிறது. ஆபிஸ் மென்பொருளும் பாடத்திட்டப் பிடிஎஃப்களும் பிள்ளைகளின் காணொளிகள் சிலவும் ஏறியதும் ஜூலையிலேயே சிவப்புக் கோடு. விண்டோஸ் 11க்கு வேண்டிய குறைந்தபட்சத் தகுதி 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும். என் கணினி அந்த வாசற்படியிலேயே நின்றது, உள்ளே கால் வைக்க ஓர் அங்குலம் இல்லை. புதுப்பிப்பு வரும், இடம் போதாது என்று நிற்கும், மறுநாள் திரும்பவும் வரும். அதற்கிடையில் ஒரு பக்கம் திறப்பதற்குள் நான் தேநீரை ஆற்றிக் குடித்துவிடலாம். 128 ஜிபி மெமரி கார்ட் ஒன்றை 4,500 ரூபாவுக்கு வாங்கி, ஆவணங்களையெல்லாம் அதற்கு மாற்றினேன். புதுப்பிப்புக்கு இடம் போதாதபோது விண்டோஸ் வெளியிலிருந்து ஒரு பென் டிரைவைக் கேட்கும், அதைச் செருகினால் வேலை நடக்கும் என்பதையும் கற்றுக்கொண்டேன். ரேமைக் கூட்டலாம் என்று ஹட்டனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனால், ரேமும் சேமிப்புச் சில்லும் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கின்றன, கழற்றவே முடியாது என்றார்கள்.

அப்போதுதான் பாடசாலையில் ஒரு சேரின் (ஆசிரியரின்) பழைய நெட்புக், அந்தக் காலத்துக் குட்டி மடிக்கணினி, கண்ணில் பட்டது. 2010இல் வாங்கியது. 10.1 அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் செயலி, மேசைமேல் வைத்தால் மீன் டின்னைப் போல ஒரு பருமன். விண்டோஸ் 7 ஸ்டார்டர் போட்டு வந்ததாம், அதில் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடமாட்டார்களாம். என் செம்பு ரோஜாவுக்குப் பக்கத்தில் அது பரிதாபமாக இருந்தது. ஆனால் சேர் அதைக் கவிழ்த்து, ஒரு திருகாணியைக் கழற்றி, 1 ஜிபி ரேமை எடுத்து 2 ஜிபி போட்டதாகச் சொன்னார். வன்தட்டு போனபோது அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றைப் போட்டு, லினக்ஸ் ஏற்றி, பெறுபேற்றுப் பட்டியல் தயாரிக்க இன்னும் வைத்திருக்கிறார். 2007இல் ஏசஸ் ஈ பிசி வந்து நெட்புக் மோகம் கிளம்பிய காலத்தில் எல்லோரும் அவற்றின் வேகத்தைக் கேலி செய்தார்களாம். வேகம் குறைவுதான். ஆனாலும் பல மாதிரிகளைத் திறந்து வைத்தியம் பார்க்க முடிந்திருக்கிறது. என்னுடையது மெலிந்து மெலிந்து வைத்தியம் பார்க்க இடமில்லாமல் போன பிறவி.

விரிவுரையாளர் பாடம் கண்காணிக்க வந்த நாளில் பாடசாலையின் பழைய ப்ரொஜெக்டரில் வி.ஜி.ஏ. துளை மட்டும் இருக்க, என்னிடம் மினி எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்த கதையை நீட்டவில்லை. கரும்பலகையில் படம் வரைந்து சமாளித்தேன். இரண்டையும் இணைக்கும் மாற்றி (அடாப்டர்) ஒன்று 3,200 ரூபா. வாங்கும் முன் துளைகளை எண்ணுங்கள், நீங்கள் வேலை செய்யும் இடத்தில் உள்ள துளைகளையும் எண்ணுங்கள்.

இனி அந்த இரவு. ஜனவரி, பெப்ரவரியில் எங்கள் பக்கம் குளிர் எலும்பைத் தொடும். கணினியை இஸ்தோப்பு (முன் விறாந்தை) ஜன்னலோர மேசையில் வைத்திருப்பேன், இரவானால் அடுப்படிக்கு எடுத்துப் போய், கை காய்ந்துகொண்டே அடிப்பேன். பக்கத்தில் சோறு கொதிக்கும். குளிர்ந்த உலோக மூடியில் ஆவி படிந்து கண்ணாடிபோல மங்கும். அதைச் சால்வையால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வேன். வெளியே படிந்தது உள்ளேயும் படியும் என்று ஒரு நாளாவது எனக்கு உறைக்கவில்லை. 2024 பெப்ரவரி 14, புதன்கிழமை இரவு, ஆய்வு அறிக்கையின் 43ஆம் பக்கத்தில் இருந்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் ல, ள, ழ மயக்கம் பற்றியது. பேட்டரி குறைந்ததால் சார்ஜரைச் செருகினேன். விளக்கு எரியவில்லை. ஊசிபோல் மெல்லிய முனை, ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் திரை அணைந்தது. அறிக்கை ஒப்படைக்க வேண்டிய நாள் 26. பென் டிரைவில் டிசம்பர் வரையான 17 பக்கம் மட்டும் இருந்தது. அறிக்கையை மட்டும் கணினிக்குள்ளேயே வைத்திருந்தேன், மெமரி கார்ட் கழன்று தொலைந்துவிடுமோ என்ற பயத்தில். கொஞ்சமும் அசையாமல் பலகையில் ஒட்டிக்கிடக்கும் சில்லுக்குள் அது பத்திரமாகத்தான் இருந்தது, என்னாலும் எடுக்க முடியாத அளவுக்குப் பத்திரமாக.

அரிசி ஈரத்தை உறிஞ்சும் என்று யாரோ சொன்னதால் கணினியை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். வியாழனும் வெள்ளியும் விடுமுறை எடுக்க முடியவில்லை. சனிக்கிழமை கடை திறந்திருக்கும், பழுதுபார்க்கும் பிரிவு மட்டும் வார நாட்களில்தான். திங்கட்கிழமை, 19ஆம் திகதி, அதிகாலை பஸ்ஸில் போய் இறங்கினேன். பற்றுச்சீட்டைப் பார்த்தவர் கணக்குப் பொறியைத் தட்டிவிட்டு, “நாள் முடிந்துவிட்டது” என்றார். ஒரு வருட உத்தரவாதம், இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்றேன். பற்றுச்சீட்டின் அடியில், ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்ததைப் போன்ற எழுத்தில் ஒரு வரியைக் காட்டினார். ஒரு வருடம் என்றால் 350 நாள். அன்றைக்கு 352ஆவது நாள். பிறகு சார்ஜர் துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்து, “நாளுக்குள் வந்திருந்தாலும் செய்ய மாட்டோம், இது ஈரத்தில் வந்த உலோக அரிப்பு” என்று அடுத்த வரியைக் காட்டினார். எரிந்த தடம், உடைவு, அரிப்பு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை. பலகையை மாற்றினால் புதுக் கணினியின் விலையில் முக்கால்வாசி ஆகுமாம். அவர் மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் பேசவில்லை, அதனால் கோபிக்கவும் வழியில்லை. வெளியே வந்து கடைப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

அந்த இரண்டு வரிகளை வாங்கும் அன்றே வாசித்திருந்தால், 349ஆம் நாளைக் கலண்டரில் வட்டமிட்டிருப்பேன். ஏதாவது சிறு கோளாறு தெரிந்தாலும் அதற்குள் கொண்டுபோயிருப்பேன். சார்ஜர் முனை ஜனவரியிலிருந்தே தளர்வாகத்தான் இருந்தது, சோம்பலில் விட்டுவிட்டேன். பற்றுச்சீட்டில் விளங்காத வரி இருந்தால் பணம் கொடுக்கும் முன் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மொழி தெரியாதது வெட்கமில்லை என்பதை நான் 352 நாள் தாமதமாகக் கற்றேன்.

இரண்டு இரவு முழித்து 26 பக்கத்தைக் கையால் எழுதினேன். நினைவில் வந்ததை எழுதினேன், புள்ளிவிவர அட்டவணைகளைப் பிள்ளைகளின் கொப்பிகளிலிருந்து மறுபடி எண்ணி எடுத்தேன். ஹட்டன் நகரில் ஒரு கொமினிகேஷனில் (தட்டச்சுக் கடையில்) பக்கம் 120 ரூபா வீதம் 3,120 ரூபாவுக்கு அடித்துக் கொடுத்தார்கள், புள்ளியெல்லாம் சரியாக இருந்தது. கணினியை 20ஆம் திகதி நகரின் மேல்மாடி ஒன்றில் பழுதுபார்க்கும் தம்பி ஒருவரிடம் ஒப்படைத்திருந்தேன். 12 நாள் கழித்துக் கூப்பிட்டார். “அக்கா, இதைப் பாருங்கள்” என்று உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தந்தார். சார்ஜர் துளையைச் சுற்றிப் பாசி பிடித்த சுவர்போல வெள்ளையும் பச்சையுமாக ஒரு படிவு. மதுசாரத்தில் நனைத்த பல்துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்து, துளையைப் புதிதாக மாற்றியிருந்தார். யு.எஸ்.பி. துளைக்குள்ளிருந்து ஊசியால் ஓர் அரிசியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அரிசிக்குள் வைப்பதால் மாவுத் தூசிதான் உள்ளே போகிறது, அடுத்த முறை உடனே அணைத்துவிட்டு நேரே கொண்டுவாருங்கள் என்றார். 7,500 ரூபா. 43 பக்கமும் அப்படியே இருந்தன, ஒப்படைக்க வேண்டிய நாள் கழிந்து ஆறு நாளுக்குப் பிறகு.

மாற்றி, மெமரி கார்ட், தட்டச்சு, பழுதுபார்ப்பு, கொழும்புக்குப் போய்வந்த 2,600 எல்லாம் சேர்த்து 20,920 ரூபா. மொத்தம் 1,19,420. அந்தத் தொகைக்குள், நிறுவனங்கள் பாவித்துக் கழித்த, 12.5 அங்குலத் திரையுள்ள திங்க்பேட் அல்லது லட்டிட்யூட் ஒன்றை எஸ்.எஸ்.டி.யோடும் 8 ஜிபி ரேமோடும் வாங்கியிருக்கலாம் என்று அந்தத் தம்பி சொன்னார். நிறம் கறுப்பு, நிறை ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம், பேட்டரி புதிதாக இராது. மூன்று கிலோமீற்றர் ஏற்றத்தில் அந்த மேலதிக அரைக் கிலோவை நான் சுமந்திருப்பேனா என்று கேட்டால், இப்போது சுமப்பேன். அப்போது அதைக் காட்டியிருந்தால் முகத்தைச் சுளித்திருப்பேன். நீங்கள் எதைப் பார்த்தாலும் விவர அட்டையில் ஈ.எம்.எம்.சி. (என்னுடையதைப் போலப் பலகையில் பற்றவைத்த சேமிப்புச் சில்லு) என்று இருக்கிறதா, எஸ்.எஸ்.டி. என்று இருக்கிறதா என்று பாருங்கள். ரேமைக் கழற்ற முடியுமா என்று கேளுங்கள். எழுதுவது மட்டும்தான் வேலை, எதைச் செய்தாலும் அன்றன்றைக்குப் பிரதி எடுத்துவிடுவேன் என்கிறவர்களுக்கு ஈ.எம்.எம்.சி. கணினியும் உதவும். படம் வெட்டி ஒட்டுகிறவர்களும், ஒரே நேரத்தில் இருபது பக்கம் திறந்து வைப்பவர்களும் அதைத் தொட வேண்டாம்.

இப்போது அது பிஸ்கட் டின் ஒன்றுக்குள் தூங்குகிறது. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி, ஏழெட்டு அதற்குள் போட்டிருக்கிறேன். அடுப்படிக்குக் கொண்டுபோவதில்லை. குளிரிலிருந்து எடுத்தால் அரை மணி நேரம் சும்மா வைத்து, மூடியில் மங்கல் போன பிறகே திறக்கிறேன். ஒவ்வொரு இரவும் ஒரு பிரதி பென் டிரைவுக்கும் இன்னொன்று மின்னஞ்சலுக்கும் போகிறது. 1,500 ரூபாவுக்குத் தனியாக ஒரு விசைப்பலகை வாங்கிச் செருகியிருக்கிறேன், மெலிவெல்லாம் வீணாயிற்று என்று என் தம்பி சிரிக்கிறான். இதையும் அதில்தான் அடிக்கிறேன். மாலையிலிருந்து காற்று. மவுசாக்கலைப் பக்கம் எங்கேயோ மரம் விழுந்திருக்க வேண்டும், லயம் முழுக்க இருட்டி இரண்டு மணி நேரமாகிறது. அம்மா தூங்கிவிட்டார். பேட்டரி இன்னும் 61 சதவீதம் காட்டுகிறது.